முன் ரோட்டர் 6.3: சுங்கை சிப்புட்டில் ஒரு பழைய ஆர்எக்ஸ்-8ஐ எடைபோட்ட விவரம்

கார் ஒரு மஸ்டா ஆர்எக்ஸ்-8. 2004இல் ஜப்பானில் தயாரானது, ரீகானாக (ஜப்பானில் ஓடி, சீரமைத்து இறக்குமதியான காராக) மலேசியா வந்து 2008இல் இங்கே பதிவானது. டைப் எஸ் ரகம், ஆறு கியர் மேனுவல். கேட்ட விலை 17,000 ரிங்கிட். விற்பவர் கோலகங்சாரில் இருக்கும், ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தமிழர். வாங்க ஆசைப்பட்டவர் எங்கள் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த இருபத்தாறு வயதுத் தம்பி. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர். குடும்பம் தோட்டத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்து பல வருடம் ஆகிறது. தம்பி பெயரில் கடன் முடிந்த ஒரு மைவி (சின்ன உள்ளூர்க் கார்) இருக்கிறது. கையில் 22,000 ரிங்கிட் சேமிப்பு.

நான் இந்தப் பட்டணத்தில் சின்னப் பட்டறை நடத்துகிறவன். என்னிடம் வரும் இளைஞர்கள் பெரும்பாலும் காரை வாங்கிய பிறகுதான் வருவார்கள். இந்தத் தம்பி வாங்குவதற்கு முன்பே வந்தார். "அண்ணே, ஒரு காடி பார்த்து வச்சிருக்கேன். நீங்க ஒருவாட்டி பார்த்துட்டுச் சொல்லுங்க, அப்புறம்தான் காசு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே முழுப் பொறுப்போடு பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். பார்த்ததை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தக் காருக்கு முன்னால் அவருக்கு வேறொரு வாய்ப்பு வந்திருந்தது. இதைவிடப் புதிய ஸ்போர்ட்ஸ் கார், 'சம்போங் பாயார்'. முன்பணமாகச் சில ஆயிரம் கொடுத்து, மாதத் தவணையை இவர் தொடர்ந்து கட்ட வேண்டும், பெயர் மட்டும் பழைய ஆள் பெயரிலேயே இருக்கும். இதைப் பற்றி நான் மென்று முழுங்க விரும்பவில்லை. வாடகைக் கொள்முதலில் எடுத்த கார் கடன் முடியும் வரை வங்கியின் சொத்து. வங்கிக்குத் தெரியாமல் கைமாறினால், வாங்கியவருக்குக் காகிதத்தில் ஒரு உரிமையும் கிடையாது. பழைய ஆள் தவணைப் பணத்தை வாங்கிக்கொண்டு வங்கியில் கட்டாமல் விட்டால், ஒரு நாள் வீட்டு வாசலில் இருந்து காரை இழுத்துக்கொண்டு போவார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் இழப்பீடும் சிக்கலில் மாட்டும். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இப்படி ஏமாந்ததைப் பார்த்து மனம் கொதித்திருக்கிறேன். மாதம் நூறு ரிங்கிட் மிச்சம் பிடிக்கவே படாத பாடு படும் வீடுகள் இவை. தம்பி அதை விட்டுவிட்டு ரொக்கத்துக்கு ஏற்ற காராகத் தேடியது நல்ல முடிவு. இவ்வளவு பழைய காருக்கு வங்கிகள் பெரும்பாலும் கடன் தருவதுமில்லை, ஆகவே இந்த ஆர்எக்ஸ்-8 ரொக்க வியாபாரம்தான்.

ஏன் இவ்வளவு மலிவு

ஆர்எக்ஸ்-8 சாதாரணக் கார் இல்லை. 2003இல் வெளிவந்தபோது அதன் ரெனசிஸ் எஞ்சின் அந்த ஆண்டின் சர்வதேச எஞ்சின் விருதை வாங்கியது. பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. முக்கோண வடிவ ரோட்டர் இரண்டு, ஒவ்வொன்றும் தன் அறைக்குள் சுழல்கிறது. அறை ஒன்றுக்கு 654 சிசி, மொத்தம் 1308 சிசி. இந்தச் சின்ன எஞ்சினிலிருந்து டைப் எஸ் ரகத்துக்கு 250 குதிரைத்திறன் என்று ஜப்பானில் அறிவித்தார்கள். நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை முள் ஏறும். எஞ்சின் சின்னதும் தாழ்வானதுமாக இருப்பதால் அதை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்கள், எடை முன்னும் பின்னும் பாதிப் பாதி. பின்கதவு முன்கதவுக்கு எதிர்த்திசையில் திறக்கும், நான்கு பேர் நிஜமாகவே உட்காரலாம். இவ்வளவும் உள்ள கார் ஒரு பழைய மைவி விலைக்குக் கிடைக்கிறது என்றால் இளைஞர்கள் மயங்குவதில் தப்பே இல்லை. நானும் இந்தக் காரை மிகவும் நேசிப்பவன்.

மலிவுக்குக் காரணமும் அதே எஞ்சின்தான். ரோட்டரின் மூன்று முனைகளிலும் ஏபெக்ஸ் சீல் என்ற மெல்லிய உலோகப் பட்டை இருக்கிறது, பக்கவாட்டில் சைடு சீல்கள். காற்றும் பெட்ரோலும் கசியாமல் அடைத்துப் பிடிப்பது இவைதான். இவை தேய்ந்தாலோ கரி பிடித்துச் சிக்கிக்கொண்டாலோ அழுத்தம் குறையும். முதலில் சூடான எஞ்சின் மறுபடி பிடிக்கச் சிரமப்படும், அப்புறம் குளிர்ந்த நிலையிலும் பிடிக்காது. பிஸ்டன் எஞ்சினில் ஹெட்டை மட்டும் கழற்றிச் சரிபார்ப்பது போல் இதில் ஒரு பகுதியை மட்டும் திறந்து சரிசெய்ய வழியில்லை. மொத்தமாக இறக்கி, பிரித்து, சீல்கள் எல்லாம் மாற்றிக் கட்ட வேண்டும், ரீபில்ட் என்பது இதுதான். முதல் சில வருட ரெனசிஸ்களில் இந்தப் பிரச்சினை அதிகமாக வந்ததால், வட அமெரிக்காவில் மஸ்டா எஞ்சின் உத்தரவாதத்தையே எட்டு வருடமாக நீட்டியது.

இன்னொன்று. இந்த எஞ்சின் எண்ணெய் குடிப்பது கோளாறு அல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். சீல்கள் உராயாமல் இருக்க ஒரு சின்னப் பம்ப் எஞ்சின் எண்ணெயை அறைக்குள் சொட்டுச் சொட்டாகச் செலுத்துகிறது. அதனால் எண்ணெய் அளவைப் பார்க்காமல் ஓட்டுகிறவர் கையில் இந்தக் கார் நிலைக்காது. இரண்டு சர்வீசுக்கு நடுவில் பானட்டையே திறக்காத பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பழக்கம் உள்ளவர் இதை வாங்கவே கூடாது.

காகிதங்கள்

கிராண்டில் (வாகனப் பதிவுப் பத்திரத்தில்) உள்ள சேஸி எண்ணும் காரில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருந்தன. எஞ்சின் எண்ணும் பொருந்தியது. வங்கியின் உரிமைக் கோரிக்கை இல்லை, சம்மன் பாக்கி இல்லை. ஹாஃப்-கட்டிலிருந்து (பாதியாக வெட்டி இறக்குமதியான பழைய காரிலிருந்து) எஞ்சின் எடுத்து மாற்றிய கார்களில் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். எஞ்சின் எண் மாறியதை ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) பதியாமல் விட்டிருந்தால் பெயர் மாற்றத்தின்போது வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

விற்பவர் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார்: "எஞ்சின் ஒருமுறை ரீபில்ட் பண்ணியாச்சு தம்பி. எனக்கு முன்னாடி வச்சிருந்தவர் ஷா ஆலமில் செஞ்சார்." ரசீது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. எந்தப் பட்டறை என்றும் தெரியவில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. தனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே நம்பியிருக்கிறார். ஆனால் ரசீது இல்லாத ரீபில்டுக்கு நான் விலையில் ஒரு காசும் சேர்ப்பதில்லை.

ஷா ஆலம் என்றதும் வேறொன்றையும் பார்க்க வேண்டியதாயிற்று. 2021 டிசம்பர் வெள்ளத்தில் அந்தப் பக்கம் ஏராளமான கார்கள் மூழ்கின. தரைவிரிப்பைத் தூக்கி, சீட் தண்டவாளத்து போல்ட்டுகளையும், சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்து அதன் அடிப்பகுதியையும், டேஷ்போர்டுக்கு அடியில் ஒயர் இணைப்புகளையும் பார்த்தேன். சேறு, துரு, வாடை எதுவும் இல்லை. சரி, வெள்ளக் கார் இல்லை.

வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பகோமின் பி5 பரிசோதனையை விற்பவர் ஏற்கெனவே ஈப்போவில் செய்து வைத்திருந்தார், பாஸ். தம்பி முகத்தில் பெரிய நிம்மதி. இங்கே அவரைக் கொஞ்சம் நிறுத்த வேண்டியிருந்தது. பி5 என்பது பெயர் மாற்றத்துக்கான பரிசோதனை. இந்தக் கார் கிராண்டில் சொன்ன அதே கார்தானா, சட்டத்துக்குப் புறம்பாக எதையாவது மாற்றியிருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் அதன் முக்கிய வேலை. எஞ்சினுக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அங்கே யாரும் அளப்பதில்லை. இன்னும் ஆறு மாதத்தில் எஞ்சின் நிற்கப்போகிற காரும் பி5 தாளோடு வெளியே வரலாம்.

காரைப் பார்த்தது

காலையில் போவதாகச் சொல்லி, எஞ்சினைக் கிளப்பாமல் வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். போனபோது பானட் குளிர்ந்துதான் இருந்தது. சாவியைத் திருப்பியதும் உடனே பிடித்தது. ஸ்டார்ட்டர் சுற்றிய வேகம் மட்டும் எனக்கு வித்தியாசமாகப் பட்டது, சாதாரணத்தை விடச் சுறுசுறுப்பு. கேட்டதற்கு, ஸ்டார்ட்டரும் பேட்டரியும் புதிது, பலமான ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறேன் என்றார். அதை மனதில் குறித்துக்கொண்டேன். ஆர்எக்ஸ்-8க்குப் பலமான ஸ்டார்ட்டர் நல்ல விஷயம்தான், மஸ்டாவே பின்னர் வேகம் கூடிய ஸ்டார்ட்டர் கொடுத்தது. ஆனால் அது அழுத்தம் குறைந்த எஞ்சினின் குறையை மறைக்கவும் செய்யும்.

எண்ணெய்க் குச்சியில் அளவு சரியாக இருந்தது. பூட்டில் புல் வெட்டும் மெஷினுக்கு ஊற்றும் டூ-டி எண்ணெய் ஒரு போத்தல். பெட்ரோல் அடிக்கும்போது கொஞ்சம் கலப்பாராம். ரோட்டரி கார் வைத்திருப்பவர்களில் பலர் சீல்களுக்குக் கூடுதல் மசகாக இருக்கட்டும் என்று செய்வதுதான். கரி தள்ளாத நல்ல எண்ணெயாக, சரியான அளவில் கலந்தால் பாதகமில்லை. தோட்டப் பட்டணத்தில் எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும் பொருள். காரை அக்கறையோடு வைத்திருந்தார் என்பதற்கு எனக்கு அந்தப் போத்தல் ஒரு அடையாளம்.

இக்னிஷன் காயில்கள் நான்கும் பழையவை, எப்போது மாற்றினார்கள் என்று தெரியவில்லை. இதைச் சின்ன விஷயமாக விடக்கூடாது. காயில் பலவீனமானால் பொறி பலவீனமாகும், எரியாத பெட்ரோல் வெளிப்போக்குக் குழாயில் போய் எரியும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உருகி அடைத்துக்கொள்ளும், வெப்பம் எஞ்சினுக்கே திரும்பும். ரெனசிஸில் வெளிப்போக்குத் துவாரம் பக்கச்சுவரில் இருப்பதால் அந்தச் சூட்டையும் கரியையும் சைடு சீல்கள் வாங்குகின்றன. சில நூறு ரிங்கிட் காயிலை மாற்றாமல் விட்டு, பத்தாயிரம் ரிங்கிட் எஞ்சினைத் தொலைக்கும் வழி இது. இந்தக் காரில் கேட்டலிட்டிக் புதிது, ஒரு வருடத்துக்கு முன் மாற்றியது. பழையது அடைத்துப் போனதாக அவரே சொன்னார். அப்படியானால் இந்த எஞ்சின் கொஞ்ச நாள் அதிகச் சூட்டில் ஓடியிருக்கிறது.

பம்பரின் இரு ஓரத்திலும் எண்ணெய்க் குளிர்விப்பான்கள் இருக்கின்றன. இடது பக்கத்தில் செம்மண் படிந்து கண்கள் பாதி அடைபட்டிருந்தன, கழுவினால் போகும். அடிப்பக்கத்தில் துரு சொல்லும்படி இல்லை. கிளட்ச் மிதியில் கிரீச் சத்தம், இந்தக் காரில் மிதியின் இரும்புச் சட்டம் வெடிப்பது தெரிந்த வியாதி, அதையும் எழுதிக்கொண்டேன்.

பிறகு ஓட்டினோம். கோலகங்சாரிலிருந்து பழைய சாலையில் சுங்கை சிப்புட், அங்கிருந்து லிந்தாங் போகும் சாலையில் கொஞ்ச தூரம், மறுபடி பட்டணத்துக்குள். ஆர்எக்ஸ்-8இன் முதல் தலைமுறையில் டேஷ்போர்டு முட்களை நம்பி ஓட்டக் கூடாது. எண்ணெய் அழுத்த முள் எஞ்சின் ஓடினால் நடுவில் நிற்கும், அவ்வளவுதான், உண்மையான அளவு காட்டாது. தண்ணீர்ச் சூட்டு முள்ளும் நடுவிலேயே நின்று, ஆபத்து நெருங்கிய பிறகுதான் மேலே நகரும். அதனால் காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகி, உண்மையான சூட்டைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே போனோம். சாலையில் 90 டிகிரியைச் சுற்றி. பாசார் பக்கம் நெரிசலில் 103 வரை ஏறி, மின்விசிறி ஓடியதும் இறங்கியது. நம் வெயிலுக்கு இது எல்லை ஓரம். ரேடியேட்டர் வயதானது.

காரின் ஓட்டம் அருமை. ஸ்டீயரிங் சொல்வதைக் கேட்கிறது, வளைவில் நான்கு சக்கரமும் ஒரே மனதாகத் திரும்புகின்றன. தம்பி மூன்றாம் கியரில் முள்ளை ஏற்றியபோது 7,000க்கு மேல் வேகம் பிறக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கியது. இரண்டாம் கியருக்கு இறக்கும்போது ஒரு கடமுடச் சத்தம், சிங்க்ரோ (கியர்களின் வேகத்தை ஒத்திசைக்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது. செம்பனை லோரிகள் ஓடிக் குழி விழுந்த இடங்களில் அடித்தட்டு உரசாமல் போக மிகுந்த கவனம் வேண்டியிருந்தது. அம்மா வீட்டுப் பக்கம் இன்னும் தோட்டத்துக்குள் இருக்கும் உறவினர்களைப் பார்க்கப் போவதானால் மைவிதான் போக வேண்டும்.

எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் என் பட்டறை முன் நிறுத்தி, சற்று நேரம் விட்டு மறுபடி கிளப்பச் சொன்னேன். நல்ல ஆர்எக்ஸ்-8 ஓரிரு விநாடியில் பிடிக்கும். இது அந்த வேகமான ஸ்டார்ட்டரோடும் ஐந்து ஆறு விநாடி சுற்றியது. தம்பிக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. "பிடிச்சிருச்சே அண்ணே" என்றார். எனக்கு அப்போதே பாதி விடை கிடைத்துவிட்டது.

அழுத்தம் அளந்தது

இதை அளக்கச் சாதாரண பட்டறைக் கருவி போதாது. பிஸ்டன் எஞ்சினுக்கான மானி ஒரே ஒரு உச்ச அளவைத்தான் பிடித்துக் காட்டும். ரோட்டருக்கு மூன்று முகம். ஒரு முகம் நன்றாக இருந்து மற்ற இரண்டும் செத்திருந்தால் அந்த மானி நன்றாக இருக்கும் முகத்தை மட்டும் காட்டி நம்மை ஏமாற்றும். மூன்று முகத்தையும் தனித்தனியாக, எஞ்சின் சுற்றிய வேகத்தோடு சேர்த்துக் காட்டும் ரோட்டரி கருவி வேண்டும். ஈப்போவில் நீண்ட காலமாக ரோட்டரி கார் வைத்திருக்கும் ஒருவரிடம் அது இருந்தது, கேட்டதும் கொண்டுவந்தார்.

எஞ்சின் சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். பெட்ரோல் போகாமல் துண்டித்து, முன் இடது சக்கரத்துப் பக்கமாகக் கை விட்டுப் பிளக்கைக் கழற்றி, கருவியை மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தியபடி ஸ்டார்ட்டரால் சுற்ற வேண்டும். மஸ்டா கொடுத்த கணக்கு இது: நிமிடத்துக்கு 250 சுற்றில் புது எஞ்சினுக்கு சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கிலோ, குறைந்தபட்சம் 6.9. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் வேறுபாடு 1.5க்கு மேல் போகக் கூடாது, இரண்டு ரோட்டருக்கும் இடையில் 1.0க்கு மேல் போகக் கூடாது.

கருவி முதலில் காட்டியது: முன் ரோட்டர் 7.1, 6.9, 7.0. பின் ரோட்டர் 7.8, 7.6, 7.7. விற்பவர் முகம் மலர்ந்தது, எல்லாமே 6.9ஐத் தொட்டுவிட்டனவே. ஆனால் கருவியின் ஓரத்தில் இன்னொரு எண் இருந்தது, சுற்று வேகம் 290. அந்தப் பலமான ஸ்டார்ட்டர் எஞ்சினை வேகமாகச் சுற்றியதால் அழுத்தம் கூடித் தெரிகிறது. 250க்குத் திருத்திப் பார்த்தால் முன் ரோட்டர் 6.4, 6.2, 6.3. பின் ரோட்டர் 7.1, 6.9, 7.0.

முன் ரோட்டர் எல்லைக்குக் கீழே. பின் ரோட்டர் எல்லைக் கோட்டில். முகங்கள் சமமாக இருக்கின்றன, ஆகவே ஏபெக்ஸ் சீல் எதுவும் உடையவில்லை. சீராகத் தேய்ந்திருக்கிறது அல்லது கரி பிடித்திருக்கிறது. ஓடும் கார்தான், நாளைக்கே நிற்காது. ஆனால் ரீபில்ட் செய்ய வேண்டிய எஞ்சின் என்பதில் சந்தேகமே இல்லை. விற்பவர் திருத்திய எண்களை நீண்ட நேரம் பார்த்தார். அவர் வாக்குவாதம் எதுவும் செய்யவில்லை, அந்த நேர்மைக்கு அவரிடம் எனக்கு மரியாதை உண்டாயிற்று.

கணக்கு

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். "17,000க்கு இந்தக் கார் மலிவா?" என்று கேட்கிறார்கள். நான் தம்பியைக் கேட்கச் சொன்ன கேள்வி வேறு: வாங்கிய மாதமே எஞ்சின் போய்விட்டது என்று வைத்துக்கொள், அந்தச் செலவையும் சேர்த்த விலைக்கு இந்தக் கார் உனக்கு வேண்டுமா? இந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடிந்தால்தான் மேலே பேச்சு.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ரோட்டரி மட்டும் செய்யும் பட்டறை ஒன்றில் விசாரித்தோம். ரீபில்ட் 12,000 ரிங்கிட்டிலிருந்து, உள்ளே ஹவுசிங் (ரோட்டர் சுழலும் அறையின் கூடு) கெட்டிருந்தால் இன்னும் கூடும் என்றார்கள். ரசீதோடு ரீபில்ட் செய்து, அழுத்தக் கணக்கையும் காட்டி விற்கும் இதே ரகக் கார்களின் விலை அப்போது 28,000 சுற்றில் இருந்தது. அதில் ரீபில்டுக்கு 13,000 கழித்தால் 15,000. காயில், பிளக், ரேடியேட்டர், கிளட்ச் மிதி, இரண்டாம் கியர், எஞ்சினைத் திறந்தால் தெரியவரும் எதிர்பாராதது, இவற்றுக்கு இன்னும் கழிக்க வேண்டும். ஆகவே இந்தக் காருக்கு நியாய விலை 12,000லிருந்து 12,500. அதற்கு மேல் கொடுத்தால், இன்னொருவர் ஏற்கெனவே சரிசெய்த காரை வாங்குவதே புத்திசாலித்தனம்.

பெட்ரோலையும் சேர்க்க வேண்டும். 1.3 என்று கிராண்டில் இருப்பதைப் பார்த்து மைவி மாதிரி ஓடும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்தால் அது நல்ல நாள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போய் வர 60 கிலோமீட்டர், மாதம் இருபத்திரண்டு நாள் வேலை என்றால் 165 லிட்டர். மைவிக்கு அதில் பாதி போதும். மேலும் ரோட்டரியைக் குளிர்ந்த நிலையில் கிளப்பி உடனே நிறுத்தக் கூடாது, பெட்ரோல் தேங்கி மறுபடி பிடிக்காது. காரை வெளியே எடுத்து மோட்டார் சைக்கிளுக்கு வழி விட்டுத் திரும்ப நிறுத்தும் தாமான் வாழ்க்கைக்கு இதுவே ஒரு தொல்லை. இன்சூரன்சிலும் ஒன்று கவனிக்க வேண்டும். இழப்பீடு கோராதவருக்குக் கிடைக்கும் என்சிடி தள்ளுபடி ஒரு நேரத்தில் ஒரு காருக்குத்தான். தம்பியின் 55 விழுக்காடு மைவியில் இருக்கிறது, புதிதாக வாங்குவதற்குப் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இத்தனையும் சொல்லிவிட்டு என் அபிப்பிராயத்தையும் சொன்னேன். வேலைக்குப் போக இது ஒரே கார் என்றால், வேண்டாம், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சுங்கை சிப்புட்டில் இதைத் திறக்கத் தெரிந்த ஆள் இல்லை, நான் உட்பட. நின்றுபோனால் கோலாலம்பூர் வரை இழுத்துப் போக வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், வேலை போகும். ஆனால் மைவி இருக்கிறது, கடன் இல்லை, 12,500க்குக் கிடைத்தால், எஞ்சினுக்குப் பணம் சேரும் வரை ஓட்டாமல் வைத்திருக்கப் பொறுமை இருந்தால், தாராளமாக வாங்கலாம். இளமையில் மனதுக்குப் பிடித்த ஒரு காரைச் சொந்தப் பணத்தில் வாங்குவது ஒரு நல்ல ஆசை. அதைத் தடுப்பது என் வேலை என்று நான் நினைக்கவில்லை, அது கடனில் முடியாமல் பார்ப்பதுதான் என் வேலை.

அம்மாவுக்கு இதில் சம்மதம் இல்லை. "இருக்கிற காடியே போதும்யா, அந்தக் காசுக்கு வீட்டுக்கு முன்பணம் கட்டலாம்" என்றார். நியாயமான பேச்சு, அதற்கு மறுப்பாக நான் ஒன்றும் சொல்லவில்லை. தாயும் மகனும் தங்களுக்குள் பேசி முடிவெடுத்தார்கள். அந்தக் காருக்காக ஒரு காசும் கடன் வாங்கக் கூடாது, எஞ்சினுக்கும் சேமிப்பிலிருந்துதான் என்று அம்மா போட்ட நிபந்தனை என்னுடையதைவிடக் கடுமையானது.

நடந்தது

12,000 என்று தொடங்கிய பேச்சு 12,500ல் முடிந்தது. விற்பவர் மறுவாரம்தான் ஒத்துக்கொண்டார். பெயர் மாற்றம் முடிந்தது. தம்பி காரை மைவிக்குப் பின்னால் நிறுத்தி, முதலில் காயிலும் பிளக்கும் மட்டும் மாற்றினார். பிறகு தீபாவளி தாண்டும் வரை பணம் சேர்த்தார். அதற்குள் சூடான நேரத்தில் கிளப்புவது இன்னும் கடினமாகியிருந்தது.

எஞ்சினைத் திறந்ததும் பட்டறையிலிருந்து படங்கள் அனுப்பினார்கள். முன் ரோட்டரின் சைடு சீல்கள் கரியில் சிக்கி அசையாமல் கிடந்தன. ஏபெக்ஸ் சீல்கள் தேய்ந்திருந்தன, ஒன்றும் உடையவில்லை. அழுத்தக் கணக்கு சொன்னதும் இதைத்தான். அந்தக் கணக்கு சொல்லாதவை இரண்டு. முன் ஹவுசிங்கில் பிளக் துவாரத்துக்கு அருகே குரோம் பூச்சு உரிந்திருந்தது, நல்ல நிலையில் இருந்த பழைய ஹவுசிங் ஒன்றைப் போட்டார்கள். பேரிங்கில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது, அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. முதல் தலைமுறை ரெனசிஸில் பேரிங் தேய்வது அடிக்கடி காணும் ஒன்று, அழுத்தம் அளந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. முன்னொரு முறை ரீபில்ட் செய்ததற்கான தடயம் உள்ளே எதுவும் இல்லை. புதிய ரேடியேட்டரையும் சேர்த்து மொத்தச் செலவு 14,600 ரிங்கிட். கார் விலையோடு 27,100, காயில் பிளக்குக்கு இன்னும் சில நூறு.

பட்டறை சொன்னபடி புது எஞ்சினைச் சுற்று ஏற்றாமல் பழக்கி முடித்த பிறகு, அதே ஈப்போ நண்பரின் கருவியால் மறுபடி அளந்தோம். 250க்குத் திருத்திய கணக்கில் முன் ரோட்டர் 8.1, 8.0, 8.1. பின் ரோட்டர் 8.2, 8.0, 8.1. சூடான நிலையில் சாவியைத் திருப்பியதும் பிடிக்கிறது. தம்பி அந்தத் தாளை ரீபில்ட் ரசீதோடு சேர்த்து வைத்திருக்கிறார், வருடம் ஒருமுறை அளந்து அதிலேயே எழுதப் போகிறார். வேலைக்கு மைவி, ஞாயிற்றுக்கிழமை ஆர்எக்ஸ்-8. ஒவ்வொரு முறை பெட்ரோல் அடிக்கும்போதும் எண்ணெய்க் குச்சியைப் பார்க்கிறார். இரண்டாம் கியர் சிங்க்ரோ இன்னும் செய்யவில்லை, கிளட்ச் மிதிச் சட்டத்தை மட்டும் என் பட்டறையில் கழற்றி வெல்டிங் செய்து போட்டோம்.